இரண்டாமவரின் கார்

அருள், நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உன்னைக் கூப்பிடலாம் என்று பல தடவை போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ "சொல்லுங்கப்பா" என்பாய். நான் "சாப்பிட்டியா" என்பேன். பின்னால் யாராவது உனக்கு சல்யூட் அடிக்கும் பூட்ஸ் சத்தம் கேட்கும். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். பன்னிரண்டு வருஷமாக நமக்குள் பேச்சு இந்த அளவில்தான் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னாய். அதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

அன்றைக்கு நீ சொன்னது ஒவ்வொன்றும் என் காதில் இருக்கிறது. "பட்டாலியனுக்கு என்னை ரெண்டாவது ஆளாப் போட்டிருக்காங்கப்பா. மேல உட்காரப் போறவர் எனக்கு ஒரு பேட்ச் பின்னால வந்தவர். தப்பு நடந்தா என் தலை, நல்லது நடந்தா அவர் பேரு. அதுக்குப் பேப்பர் போட்டுட்டு வெளியே வந்துடலாம் லா." உன் மனைவி ஷீலா உன் கையைப் பிடித்தாள். நீ கையை எடுத்துக்கொண்டாய். நான், "ரெண்டாவது ஆளா இருக்கிறது சின்ன வேலை இல்லப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ சிரித்தாய். "ஆமா, உங்க துவான் பண்ணின பெரிய வேலையைத்தான் நாம பார்த்தோமே. அம்மா காலைப் பாருங்க" என்றாய். அதற்குப் பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை. நீ கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஷீலா எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உன் பின்னால் ஓடினாள்.

நான் துவான், ஐயா என்று மரியாதையாகச் சொல்கிறவர் யார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் நீ கேட்டதில்லை. இந்த நாட்டுப் படையில் இரண்டாவது பெரிய அதிகாரியாக அவர் இருந்தபோது நாலு வருஷம் நான் அவருக்குக் கார் ஓட்டினேன். அந்தப் பதவியைப் பற்றி வெளியே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முதலாமவர் படம் செய்தித்தாளில் வரும். இரண்டாமவர் அந்தப் படத்தின் ஓரத்தில் பாதித் தோளாக நிற்பார். ஆனால் முதலாமவர் மேசைக்குப் போகிற ஒவ்வொரு கோப்பும் முந்தின நாளே என் காரின் பின் சீட்டில் கிடந்தது. சிப்பாய்களின் குடியிருப்பில் தண்ணீர் வரவில்லை என்பதிலிருந்து எல்லைக்கு எந்தப் படையை அனுப்புவது என்பது வரைக்கும் அவர் படித்துத் தலையை உடைத்துக்கொள்வார். எந்த விழாவானாலும் முதலாமவருக்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர வேண்டும், அவர் போன பிறகுதான் கிளம்ப வேண்டும். முதலாமவர் வெளிநாடு போயிருக்கும்போது மொத்தப் பொறுப்பும் இவர் கையில்தான். அப்போதுகூட இவர் தன் அறையிலேயே இருந்து வேலை பார்ப்பார். பக்கத்திலிருந்த முதலாமவர் அறைக் கதவைத் திறக்கவே மாட்டார். ஒரு தடவை புதிதாக வந்த குமாஸ்தா அங்கே போய் உட்காரச் சொன்னபோது, "நான் அந்த நாற்காலியைக் காவல் காக்கிறவன், தம்பி" என்றார். அவர் மலாய்க்காரர், பேசியதெல்லாம் மலாயில். நான் தமிழில் எழுதுகிறேன்.

இனி அந்த வெள்ளம். அப்போது நீ ராணுவக் கல்லூரியில் கேடட். நம் குடும்பம் இன்னும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தது. உன் அம்மா தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா. மழை விடாமல் பெய்து, ஆறு கரையை மீறி, பெஸ்தாரி ஜெயாவுக்கும் தஞ்சோங் காராங்குக்கும் நடுவே இருந்த செம்பனைத் தோட்டங்கள் எல்லாம் ஏரியாகிவிட்டன. வேலைக்குப் போன தாய் தகப்பன்மார் பலர் சாலைப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளைகள் காப்பகத்தில். உன் அம்மா அந்தப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், நம் மாதா கோயில் இருக்கும் மேட்டில் ஏற்றினாள். தண்ணீருக்கு அடியில் கிடந்த தகரம் ஒன்று அவள் பாதத்தைக் கிழித்தது அப்போதுதான். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி உள்ள உடம்பு. அவளுக்கு வலிகூடத் தெரியவில்லை.

துவான் நிலைமையைப் பார்க்கக் காலையிலேயே கிளம்பினார். காரில் ஏறும்போதே நான் சொல்லிவிட்டேன். "துவான், என் வீட்டுக்காரி அந்தத் தோட்டத்துக் கோயில் மேட்டில் இருக்கிறாள். போன் எடுத்தாள், பிறகு கிடைக்கவில்லை." அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "முதல் படகு அங்கேதான் போகும்" என்றார். தஞ்சோங் காராங் சாலைச் சந்திப்பில் ராணுவ லோரிகள் நின்றன. நாலு படகு. மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையோரம் முழுக்கத் தோட்டத்து ஜனம். படகைப் பார்த்ததும் சிலர் கைதட்டினார்கள். நம் பக்கத்து வீட்டு செல்வம் என்னைப் பார்த்து ஓடி வந்தான். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் உன் அம்மாவிடம் இருந்தன. "அண்ணே, வந்துட்டீங்களாண்ணே" என்று என் தோளில் சாய்ந்து அழுதான்.

அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் பேசும் கார் போன் அடித்தது. முதலாமவர். துவான் கதவைச் சாத்திக்கொண்டார். நான் டிரைவர், நான் உள்ளேதான் இருந்தேன். மலையடிவார ஊரான உலு யாமில் மலைத் தண்ணீர் இறங்கிவிட்டது, கூரை மேல் ஆட்கள், அங்கே ஒரு படகும் இல்லை, உன்னிடம் இருக்கிற நாலையும் உடனே திருப்பு என்று உத்தரவு. துவான் விடவில்லை. நான் அவரிடம் அப்படி ஒரு குரலை அதற்கு முன் கேட்டதில்லை. "துவான், இங்கே சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டை விட்டுவிட்டு இரண்டை அனுப்புகிறேன்" என்றார். அந்தப் பக்கம் பதில் வந்தது. "அப்படியானால் ஒன்று மட்டும் இங்கே நிற்கட்டும்" என்றார் துவான். மறுபடி பதில். முதலாமவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை, அருள். இங்கே தண்ணீர் மெதுவாக ஏறுகிறது, உன் ஆட்கள் மேட்டில் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. அங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, அந்த வேகத்தில் படகுகள் சேர்ந்து போனால்தான் போக முடியும் என்றார். துவான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "என் டிரைவரின் மனைவி அங்கே இருக்கிறாள்" என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. "சரி, துவான். நாலும் வரும்" என்று வைத்தார்.

வைத்துவிட்டு ஜன்னல் வழியாக அந்தப் படகுகளைப் பார்த்தார். பிறகு, "கேட்டாயா?" என்றார். "கேட்டேன், துவான்." "நீ இறங்கி உன் ஜனங்களோடு நிற்கலாம். வேறு டிரைவர் வருவான். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்" என்றார். உன் கேள்வி இந்த இடத்தைப் பற்றியது. "நீங்க அந்தக் கார்லதானே இருந்தீங்க, ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்தாய். இப்போது சொல்கிறேன். வாயைத் திறந்தால் நான் அழுதுவிடுவேன், அழுதால் அவர் ஒரு படகை நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் அப்படிப்பட்ட மனிதர். உலு யாமில் யாரோ ஒருவனுடைய பெண்டாட்டியும் கூரையில்தான் உட்கார்ந்திருந்தாள். "வேண்டாம் துவான், நானே ஓட்டுகிறேன்" என்றேன். இதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கு மறுபடி அந்த சீட்டில் உட்கார வைத்தாலும் இதையேதான் செய்வேன் என்று நினைக்கிறேன்.

அவர் இறங்கி உத்தரவு கொடுத்தார். படகுகள் மறுபடி லோரியில் ஏறின. முதலில் ஜனங்களுக்குப் புரியவில்லை. லோரி திரும்பியதும் புரிந்தது. கூச்சல் கிளம்பியது. சிலர் லோரிக்கு முன்னால் படுத்தார்கள். யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். செல்வம் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, மலாயில், "யார் சொன்னது படகை எடுக்கச் சொல்லி? யாரு?" என்று கத்தினான். பக்கத்தில் நின்ற இளம் கேப்டன், "இது தலைமையகத்து..." என்று ஆரம்பித்தார். துவான் கையை நீட்டி அவரை நிறுத்தினார். "நான் சொன்னேன். என் உத்தரவு" என்றார். செல்வத்தின் செருப்பு அவர் தோளில் வந்து விழுந்தது. சேறு அவர் சின்னங்களின் மேல் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. செல்வம் என்னைப் பார்த்தான். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே. அக்காவும் அங்கதானே இருக்காங்க!" நான் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கல்லூரியில் உட்கார்ந்து பார்த்த வீடியோவில் தொப்பியோடு கதவருகே நிற்கிற அந்த ஆள் நான்தான். அது உனக்கும் தெரியும், உன் நண்பர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வீடியோ அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் சிலர்தான். எங்களோடு காரில் ஏறிய கேப்டனுக்குத் தாங்கவில்லை. "துவான், அது உங்கள் முடிவு இல்லையே. ஏன் உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள்?" என்றார். துவான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ அதை நிதானமாகப் படி. "அந்த லோரியில் போகிற பையன்கள் என் வார்த்தையை நம்பி மலைத் தண்ணீரில் இறங்கப் போகிறார்கள். இது எனக்குப் பிடிக்காத உத்தரவு என்று நானே சொன்னால், அவர்கள் இறங்கும்போது ஒரு நொடி தயங்குவார்கள். அந்த ஒரு நொடியில் ஒருவன் போய்விடுவான். நான் சண்டை போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டேன். தோற்றுவிட்டேன். வெளியே வந்த பிறகு அது என் உத்தரவுதான்." கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். துவான் என்னிடம், "பாசிர் பெனாம்பாங்குக்கு விடு" என்றார்.

கோலசிலாங்கூர் ஆற்றின் அந்தக் கரையில் இருக்கிற மீனவர் கம்பத்துக்கு, அந்தச் சின்னக் கிராமத்துக்கு, எதற்குப் போகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. துவான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பலகைப் பாலத்தில் நடந்தார். மீன் கொட்டகையில் ஒரு சீனத் தவுக்கே, அந்தக் கொட்டகை முதலாளி, உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். ஆள் ஏறிட்டுப் பார்த்தார். "பட்டாளத்துக்குப் படகு இல்லையா, எங்ககிட்ட வர்றே?" என்றார். "இல்லை. எல்லாம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. உங்களுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் கிடையாது. கேட்கத்தான் வந்தேன். சின்ன சம்பான் படகு போதும். லோரியில் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்துத் தண்ணீரில் இறக்கலாம்" என்றார் துவான். தவுக்கே யோசித்தார். அவருடைய மகன்கள், "கட்டை, முள்ளு எல்லாம் இருக்கும், புரொப்பெல்லர் போயிடும்பா" என்றார்கள். தவுக்கே என்னைப் பார்த்தார். "உங்க ஆளுங்களா அங்க?" எனக்கு அப்போதுதான் குரல் வந்தது. "என் சம்சாரம் அங்கதான் இருக்கா, தவுக்கே." அவர் துவானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலையைக் கீழே வைத்தார்.

அடுத்தடுத்துப் பல வீடுகள். சிலர் முடியாது என்றார்கள், ஒருவர் கதவையே சாத்தினார். துவான் அடுத்த வீட்டுக்குப் போனார். சுங்கை புரோங் பக்கம் மலாய் மீனவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போய்க் கெஞ்சினார். கெஞ்சினார் என்றுதான் எழுத வேண்டும், அருள், வேறு வார்த்தை இல்லை. நாட்டின் இரண்டாவது பெரிய அதிகாரி, சேறு காய்ந்த சட்டையோடு, ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்வதை நான் பார்த்தேன். சம்பான்கள் சேர்ந்து, லோரி கிடைத்து, எல்லாம் ஆகும்போது இருட்டிவிட்டது. இருட்டில் செம்பனை வரிசைக்குள் போக முடியாது. விடிந்ததும் இறங்கின. உன் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தது அந்தத் தவுக்கேயின் இரண்டாவது மகன். செல்வத்தின் பிள்ளைகள் இருவரும் அதில்தான் வந்தார்கள். ஜனங்கள் மீனவர்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். தூரத்தில் நின்ற எங்கள் காரைப் பார்த்துக் காறித் துப்பினார்கள்.

மீனவர்களிடம் துவான் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "நான் வந்து கேட்டேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்." தவுக்கேவுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. திரும்பும் வழியில் நானே துணிந்து காரணம் கேட்டேன். "நான் இப்படி அலைந்தது தெரிந்தால், அந்த உத்தரவு எனக்குப் பிடிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்" என்றார். கொஞ்சம் கழித்து முதலாமவர் மறுபடி கூப்பிட்டார். உலு யாமில் கூரையிலிருந்து கடைசி ஆளை இறக்கிய பிறகு அந்த வீடே போய்விட்டதாம். வீடியோவையும் பார்த்திருந்தார். "உத்தரவு என்னுடையது என்று நான் அறிக்கை விடுகிறேன்" என்றார். "வேண்டாம், துவான். நாளைக்கும் மழை இருக்கிறது. நாளைக்கும் நம் இருவரில் யார் சொன்னாலும் பையன்கள் இறங்க வேண்டும்" என்றார் இவர். மழை நின்ற பிறகு சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் எனக்குள் கேட்டிருக்கிறேன். அதற்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அவரும் அப்படியே விட்டுவிட்டார். அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். உன் அம்மாவின் புண் அழுகி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். முதல் நாளே வந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

காரில் கேட்டது காரோடு. அதுதான் என் வேலையின் முதல் சட்டம். அவர் என்னைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. நானாகவே வாயைக் கட்டிக்கொண்டேன். இரண்டு மாதத்துக்கு முன் அவர் ஷா ஆலமில் இறந்துபோனார். நான் மட்டும் போய் மண் போட்டுவிட்டு வந்தேன். அப்போதும் நான் யாரிடமும் பேசவில்லை. நீ அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து போன பிறகுதான், தட்டுகளைக்கூட எடுக்காமல், உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துவான் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

உன் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். "அப்ப அந்த மீன்காரங்க தானா வரலையா?" என்றாள். "இல்ல." "அந்தாளு கூட்டிட்டு வந்தாரா?" "ஆமா." "நீங்க கூடப் போனீங்க?" "போனேன்." அவள் முகம் மாறியது. "பன்னெண்டு வருசம். ஒவ்வொரு தவக்காலமும் ஃபாதர்கிட்ட என்ன சொல்வேன் தெரியுமா? எல்லாரையும் மன்னிச்சிட்டேன் ஃபாதர், அந்த ஒரு ஆளைத் தவிரன்னு சொல்வேன். வருசா வருசம் அதையே சொல்லிட்டு அழுதுட்டு வருவேன். நீங்க பக்கத்துல முட்டி போட்டுட்டு இருந்தீங்க. அப்படித்தானே?" நான் மேசைத் தட்டுகளை அடுக்கினேன். "என் காலு போனதுக்குக்கூட நான் உங்களை ஒண்ணும் கேக்கல. இதுக்குக் கேக்குறேன்" என்றாள். பிறகு என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை. அந்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, "நாளைக்கு அவங்க வீட்டம்மாவைப் பார்க்கணும். கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

போன சனிக்கிழமை போனோம். துவானின் மனைவிக்கு என்னைத் தெரியும். நாலு வருஷம் அந்த வாசலில் காத்திருந்தவன் நான். உன் அம்மா செயற்கைக் காலைத் தூக்கி வைத்துப் படி ஏறுவதை அந்த அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். யார் என்று கேட்கவில்லை, புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். முகம் வெளுத்துவிட்டது. ஏசத்தான் வந்திருக்கிறோம் என்று எண்ணியிருப்பார். உட்காரச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் நின்றுகொண்டிருந்தார். உன் அம்மா தோட்டத்து மலாயில், உடைத்து உடைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். கார் போன், செருப்பு, பாசிர் பெனாம்பாங், சம்பான். எங்கெல்லாம் அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லையோ அங்கெல்லாம் என்னைப் பார்த்தாள், நான் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது, அருள். துவான் வீட்டிலும் சொல்லியிருக்கவில்லை. "என் சொந்தத் தம்பி இரண்டு ஹரி ராயாப் பெருநாளுக்கு இந்த வீட்டுப் படி ஏறவில்லை" என்றார். "நானே கேட்டேன். பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் படகைத் திருப்ப மனசு வந்தது என்று கேட்டேன். ஒரு வருஷம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் 'அங்கே நான்தானே இருந்தேன்' என்பார். அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் இப்போது சொல்கிறாய்? இரண்டு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் அவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே. இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வது?" நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்தில் எத்தனையோ அதிகாரிகளிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

உன் அம்மாதான் பேசினாள். "எங்க மகன் மேஜர். அவனை ரெண்டாவது ஆளாப் போகச் சொல்லியிருக்காங்க. மாட்டேன்னு நிக்கிறான்" என்றாள். அதுவரை நின்றிருந்த அந்த அம்மா அப்போதுதான் வந்து உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "போகச் சொல்லு" என்றார். "நல்ல வேலைதான். அவர் அதை நன்றாகச் செய்தார் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவனிடம் ஒன்று சொல்லு. வெளியே வாயை மூடிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் சொல்லச் சொல்லு. அவர் என்னையும் பட்டாளம் மாதிரியே நடத்திவிட்டார்." உன் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழவில்லை. தேநீர் ஆறிப்போனது. நாங்கள் புறப்படும்போது அந்த அம்மா வாசல் வரை வந்து, கால் வலிக்கிறதா என்று உன் அம்மாவிடம் கேட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உன் கமாண்டர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. அவர் துவானின் முதலாமவர் மாதிரி நியாயம் தெரிந்தவராக இல்லாமலும் இருக்கலாம். அவரோடு நீ கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட வேண்டிவரும், பல தடவை தோற்கவும் வேண்டிவரும். தோற்றுவிட்டு வெளியே வந்து அதை உன் உத்தரவாகச் சொல்ல வேண்டும், பிறகு உத்தரவு எட்டாத இடத்துக்கு நீயே நடந்து போக வேண்டும். அதற்கு உனக்குத் தெம்பு இல்லை என்று தோன்றினால் பேப்பரைப் போட்டுவிடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். பெயர் வராது என்பதற்காக மட்டும் போடாதே. போவதாக இருந்தால், முதலில் ஷீலாவை உட்கார வைத்துப் பேசு. அன்றைக்கு நம் வீட்டில் அவள் உன் கையைப் பிடித்தபோது நீ எடுத்துக்கொண்டாயே, அதை நான் பார்த்தேன். நான் செய்வதை என் மகன் செய்வதாக எனக்குப் பட்டது.

திரும்பி வரும்போது உன் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஜெராம் ஊரைத் தாண்டியதும், என் பக்கம் திரும்பாமலே, "இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். சாலையோரத்தில் ஒரு இளநீர்க் கடை இருந்தது. அதன் பக்கத்தில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் காத்திருந்தாள். நான் பேசத் தொடங்கினேன்.

உன் அப்பா